போலி மெயிலில் மாட்டினவங்களுக்கு அபராதம் போடலாமா? (முந்திரி ஏற்றுமதி அலுவலகம், 38 பேர்)

குழித்துறை_கம்ப்யூட்டர் கேட்டது:

மார்த்தாண்டத்துக்கும் கருங்கலுக்கும் இடையில் ஒரு அண்டி ஆபீஸ் (முந்திரி ஆலை). அதன் நிர்வாகப் பிரிவில் கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்கள் 38 பேர். கணக்கில் 6, ஏற்றுமதி ஆவணத்தில் 5, கொள்முதலில் 4, மீதிப்பேர் ஸ்டோர், சம்பளம், தரம், ஷிப்பிங் என்று பிரிந்து கிடக்கிறார்கள். ஓட்டோடு வரும் கொட்டை ஐவரி கோஸ்ட், தான்சானியாவிலிருந்து தூத்துக்குடி வழியாக இறங்குகிறது. புரோக்கர்களோடு பேச்செல்லாம் மெயிலும் வாட்ஸ்அப்பும்தான்.

கோஃபிஷ் என்கிற மென்பொருளை வைத்து ஒரு போலி மெயில் சோதனை நடத்தப்பட்டது. தலைப்பு: "உங்கள் கன்டெய்னருக்கு டெமரேஜ் கட்டணம்" (சரக்கு துறைமுகத்தில் தேங்கினால் ஏறும் கட்டணம்). 14 பேர் லிங்கை அழுத்தியதாகவும், 5 பேர் பாஸ்வேர்டு போட்டதாகவும் காட்டுகிறது. "இப்படி ஒண்ணு வந்திருக்கு" என்று தானாக வந்து சொன்னவர்கள் 2 பேர்.

முதலாளியின் முடிவு: ஆளுக்கு 500 ரூபாய் அபராதம், பெயர் நோட்டீஸ் போர்டில், எல்லாருக்கும் 30 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டு மாற்றம், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுநாள் வகுப்பு. இதில் எது பலிக்கும்? பலிக்காது என்றால் பதிலுக்கு எதை வைக்கலாம்? ஐடிக்கு ஒரே ஆள், பட்ஜெட்டும் பெரிதில்லை.

---

வடசேரி_பாதுகாப்பு:

அண்ணாச்சி, அந்த 14ஐ அப்படியே நம்பாதீங்க. மெயில் வடிகட்டும் மென்பொருள்களும் சில ஆன்டிவைரஸும் பெட்டிக்கு வருகிற லிங்கைத் தாமே திறந்து பார்க்கும். கோஃபிஷ் அதையும் ஆள் அழுத்தியதாகத்தான் எழுதிக்கொள்ளும். ஒவ்வொரு பெயராகத் திறந்து நேரவரிசையைப் பாருங்க. மெயில் போய்ச் சேர்ந்த இரண்டு மூன்று விநாடிக்குள் கிளிக் விழுந்திருந்து, ஐபி (இணைய முகவரி எண்) உங்க அலுவலகத்துடையதாகவோ மொபைல் கம்பெனியுடையதாகவோ இல்லாமல் ஏதோ கிளவுட் சர்வருடையதாக இருந்தால், அது மனுசர் இல்லை. பாஸ்வேர்டு போட்ட 5தான் கொஞ்சம் உறுதியான எண்.

அந்த ஐந்திலும் ஒரு விஷயம். பாஸ்வேர்டைப் பிடித்து வைக்கும் டிக்கை எடுத்துவிட்டுத்தான் சோதனை நடந்ததா? இல்லையென்றால் ஐந்து நிஜ பாஸ்வேர்டும் கோஃபிஷ் தரவுத்தளத்தில் பூட்டு இல்லாமல், வெறும் எழுத்தாகக் கிடக்கிறது. இன்றைக்கே அழியுங்க, அந்த ஐந்து பேரும் பாஸ்வேர்டை மாற்றட்டும். திருடன் வருமுன்னே நாமே சாவியைத் திண்ணையில் வைத்த கதை ஆகிவிடக் கூடாது.

அடுத்தது, மெயிலின் கடினம். டெமரேஜ் என்று ஷிப்பிங் ஆளுக்கு மெயில் போட்டால் அவர் திறக்கத்தான் செய்வார். அதைத் திறப்பதுதான் அவர் வேலை. அதே மெயில் சம்பளப் பிரிவுக்குப் போனால் கண்டுகொள்ளாமல் விடுவார்கள். அமெரிக்க அரசின் தர நிர்ணய அமைப்பான என்ஐஎஸ்டி 2020ல் வெளியிட்ட ஃபிஷ் ஸ்கேல் இதைத்தான் அளக்கிறது: மெயிலில் சந்தேகக் குறிகள் எத்தனை, பெறுகிறவரின் அன்றாட வேலையோடு அது எவ்வளவு பொருந்துகிறது. பிரிவுவாரியாகப் பிரிக்காமல் 38க்கு 14 என்று சொன்னால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

உங்க பதிவில் என் கண் போய் நின்றது கடைசி எண்ணில்தான்: 2. அமெரிக்கத் தொலைத்தொடர்புக் கம்பெனியான வெரைசனின் 2024 அறிக்கைப்படி, போலி மெயிலைத் திறந்தவர் லிங்கை அழுத்த எடுக்கும் நேரம் நடுமதிப்பில் 21 விநாடி, விவரத்தைத் தட்டிக் கொடுக்க இன்னும் 28 விநாடி. ஒரு நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்துக்குள் நீங்கள் ஓடிப்போய் யாரையும் தடுக்க முடியாது. அதற்குப் பிறகு வரும் பத்து நிமிடம்தான் உங்க கையில் இருக்கிறது, அதுவும் யாராவது வந்து சொன்னால். 500 ரூபாய் அபராதம் அடிக்கிறது சரியாக அந்த இடத்தில்தான். மாட்டினவர் முதலில் செய்யும் காரியம் மெயிலை அழித்துவிட்டு, குப்பைத்தொட்டியையும் காலி செய்வது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு பற்றி: கலிஃபோர்னியாவின் சான் டியாகோ பல்கலைக்கழக மருத்துவ அமைப்பில் 19,500 ஊழியர்களை 8 மாதம், 10 போலி மெயில்களோடு சோதித்த ஆய்வு 2025ல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்கள் மாட்டின விகிதம், பெறாதவர்களைவிட வெறும் 1.7 சதவீதம்தான் குறைவு. அந்த 1.7க்காக ஆட்களின் ஞாயிற்றுக்கிழமையைப் பிடுங்க வேண்டாம். மாதம் ஒருநாள் சாயா நேரத்தில் பத்து நிமிடம், அந்த மாதம் உங்க ஆபீசுக்கே வந்த ஒரு நிஜ மெயிலைத் திரையில் போட்டுக் காட்டுங்க. போதும்.

30 நாள் மாற்றம் வேண்டவே வேண்டாம். என்ஐஎஸ்டியே 2017ல் அந்த வழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. காரணம் எளிது: குமரி@ஏப்ரல், குமரி@மே, குமரி@ஜூன். மாதக் காலண்டர் பார்த்தே அடுத்த பாஸ்வேர்டைச் சொல்லிவிடலாம். 15 எழுத்துக்குக் குறையாமல் ஒன்று, இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு, கசிந்ததாகச் சந்தேகம் வந்தால் மட்டும் மாற்றம்.

---

தக்கலை_தணிக்கை:

அபராதத்துக்கு முதலில் சட்டமே குறுக்கே நிற்கும். முன்பிருந்த 1936 சம்பளப் பட்டுவாடாச் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்துவிட்ட 2019 ஊதியத் தொகுப்புச் சட்டமும் சரி, நினைத்தபடி அபராதம் பிடிக்க விடுவதில்லை. எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று அரசு ஒப்புதலோடு முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும், ஆளுக்கு விளக்கம் சொல்ல வாய்ப்பு தர வேண்டும், அந்த மாதச் சம்பளத்தில் 3 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. முதலாளியிடம் இந்த வழியாகப் பேசினால் சீக்கிரம் காதில் ஏறும்.

ஆனால் என் கவலை போலி மெயில் அல்ல. இந்த மாதிரி அலுவலகங்களில் நாலு இடத்தைப் பாருங்கள்.

ஒன்று, டிஜிட்டல் கையெழுத்து யூஎஸ்பி டோக்கன். மேசை டிராயரில் இருக்கும், முதுகில் ஒட்டிய ஸ்டிக்கரில் பின் நம்பர் எழுதியிருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 42ஆம் பிரிவுப்படி அந்தச் சாவியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருப்பது கையெழுத்துக்காரரின் பொறுப்பு. அதைக் கொண்டு யார் எதில் கையெழுத்துப் போட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளிதான்.

இரண்டு, டேலி கணக்கு மென்பொருளில் கணக்குப் பிரிவின் ஆறு பேருக்கும் ஒரே லாகின். கம்பெனியாகப் பதிவாகியிருந்தால் 1.4.2023 முதல் யார் எதை மாற்றினார் என்ற திருத்தத் தடம் பதிவாகும் மென்பொருள்தான் வைக்க வேண்டும். வைத்திருப்பீர்கள். தடத்தைத் திறந்து பார்த்தால் எல்லாத் திருத்தத்திலும் "அட்மின்" என்று ஒரே பெயர். அப்படி ஒரு தடம் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

மூன்று, ஜிஎஸ்டிக்கான இ-வே பில்லும் இ-இன்வாய்சும். அந்தத் தளங்களிலேயே துணைப் பயனர் உருவாக்கி, இன்னாருக்கு இவ்வளவு உரிமை என்று பிரித்துக் கொடுக்க வசதி இருக்கிறது. காசு கிடையாது, அரை மணி நேர வேலை. இருந்தும் எல்லாரும் முதன்மைப் பாஸ்வேர்டையே வாட்ஸ்அப்பில் பகிர்ந்துகொண்டிருப்பார்கள்.

நான்கு, எல்லாவற்றிலும் மோசமானது. வங்கியின் கார்ப்பரேட் நெட்பேங்கிங்கில் ஒருவர் பதிவார், இன்னொருவர் ஒப்புதல் தருவார். தாளில் இரண்டு பேர். நடைமுறையில் முதலாளி சரக்குப் பார்க்கத் தூத்துக்குடி போகும்போது ஓடிபி வருகிற போனைக் கணக்கரிடம் கொடுத்துவிட்டுப் போவார். அப்போது பதிவதும் அதே கை, ஒப்புவதும் அதே கை. கணக்கர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே பேச்சே இல்லை. அவர் கம்ப்யூட்டரில் ஒருவன் நுழைந்தால் முழுப் பணமும் அவன் கையில்.

இந்த நாலும் சோம்பேறித்தனத்தால் வந்ததில்லை என்பதை மறந்துவிடாதீர்கள். வேலை நடக்க வேண்டும், முறையான வழி அடைத்துக் கிடக்கிறது, அதனால் ஆட்கள் பக்கத்துச் சந்து வழியாகப் போகிறார்கள். அந்தச் சந்து வழியை மட்டும் அடைத்தால் இன்னொரு சந்து கண்டுபிடிப்பார்கள். முதலில் முன்வாசலைத் திறந்து வையுங்கள்: இரண்டாவது ஒப்புதல்காரர் ஒருவரை வங்கியில் முறைப்படி பதிவு செய்யுங்கள், முதலாளி எங்கே இருந்தாலும் தன் போனிலேயே ஒப்புதல் தரட்டும், ஒரு தொகைக்கு மேல் இரண்டு பேர் ஒப்புதலும் வேண்டும் என்று வரம்பு வையுங்கள்.

---

தூத்துக்குடி_ஆவணம்:

மேலே ரெண்டு பேரும் சொன்னதுக்கு மறுப்பில்லை. ஆனால் அண்டி ஆபீஸில் பெரிய பணம் போகிற வழி இதுதான்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்கிற மெயில்.

பழைய பேச்சுக்கு அடியிலேயே பதிலாக வரும். புரோக்கரின் மெயில்பெட்டியில் ஒருவன் வாரக்கணக்கில் உட்கார்ந்து படித்திருப்பான். கப்பல் பெயர், அவுட்டர்ன் (கொட்டையில் தேறும் பருப்பின் அளவு) எத்தனை, எத்தனை டன் எல்லாம் சரியாக இருக்கும். அல்லது ஒரு எழுத்து மட்டும் மாறிய டொமைன் (மெயில் முகவரியில் @க்குப் பின்னால் வருவது), ஆங்கில "எம்"முக்குப் பதில் "ஆர்" "என்" இரண்டையும் ஒட்டிப் போட்டிருப்பான். போனில் மெயில் பார்த்தால் அனுப்புநரின் பெயர்தான் கண்ணில் படும், முகவரி உள்ளே மறைந்திருக்கும். "முகவரியைப் பாருங்க" என்று நூறு தடவை வகுப்பெடுத்தாலும் போனில் அது எடுபடாது.

கணக்கு மாற்றம் என்று வந்தாலே இந்த வரிசை:

மெயிலைப் பெற்றவர் சரிபார்க்கக் கூடாது, வேறொருவர் செய்யட்டும். அந்த மெயிலில் உள்ள நம்பரைத் தொடக் கூடாது. பழைய ஒப்பந்தத் தாளில் உள்ள நம்பரை நாமே டயல் செய்ய வேண்டும். அவர்களிடமிருந்து வரும் அழைப்பை உறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது, குரலையே போலி செய்கிற காலம். புதுக் கணக்கு நம்பரை நாம் வாசித்து "சரியா?" என்று கேட்கவே கூடாது. "உங்க பழைய கணக்கின் கடைசி நாலு எண்ணைச் சொல்லுங்க, பிறகு புதுசைச் சொல்லுங்க" என்று அவர் வாயால் வரவழைக்க வேண்டும். அதற்கப்புறமும் ஒரு வங்கி வேலைநாள் ஆறப்போடணும்.

கண்ணாலேயே பிடிக்கிற ஒரு குறி உண்டு. வெளிநாட்டுப் பணமாற்றத்தில் வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டில் 8 அல்லது 11 எழுத்து இருக்கும். அதில் 5ஆவதும் 6ஆவதும் நாட்டைக் குறிக்கும். ஐவரி கோஸ்ட் என்றால் சிஐ, தான்சானியா என்றால் டிஇசட். ஐவரி கோஸ்டின் அபிஜான் நகரில் இருக்கிற ஆள் தரும் குறியீட்டில் நடுவே வேறு நாட்டு எழுத்து நின்றால் பணத்தை நிறுத்திவிட்டுப் பேசுங்க. வேறு நாட்டில் கணக்கு வைப்பது குற்றமில்லைதான், ஆனால் காரணம் கேட்காமல் அனுப்பக் கூடாது. எல்சி (வங்கி தரும் கடனுறுதிக் கடிதம்) வழியாகவோ, ஆவணம் வங்கி வழியாகவோ வருகிற வியாபாரத்தில் இந்த ஆபத்து குறைவு. முன்பணம் நேரே அவர்கள் வங்கிக் கணக்குக்குப் போகும்போதுதான் கவனம்.

இவ்வளவும் எழுதி ஒட்டினாலும் மேற்கு ஆப்பிரிக்கச் சரக்கு வரும் சீசனில் யாரும் பின்பற்ற மாட்டார்கள். ஏன்? கன்டெய்னர் துறைமுகத்தில் நிற்க நிற்க டெமரேஜ் ஏறும். வெள்ளிக்கிழமை சாயந்தரம் பணம் போகாவிட்டால் திங்கள்தான். தாமதமானால் திட்டு விழப்போவது கிளார்க்குக்கு. போலி மெயில் எழுதுகிறவனுக்கு இந்தப் பயம் நன்றாகத் தெரியும், அதனால்தான் உங்க சோதனை மெயிலும் பலித்தது. முதலாளி கையெழுத்துப் போட்ட ஒரே ஒரு வரி வேணும்: "கணக்கைச் சரிபார்த்ததால் ஏறும் டெமரேஜ் கம்பெனி பொறுப்பு. அதற்காக யாரையும் கேள்வி கேட்க மாட்டேன்." அந்த வரி இல்லாத வரை மேலே சொன்ன வரிசை வெறும் காகிதம்தான்.

---

குளச்சல்_அட்மின்:

எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்கிறீர்கள். தண்டனையே இல்லை என்றால் "ஐடி பார்த்துக்கும்" என்று ஆகிவிடும். லிங்கை அழுத்தினவரும், சொல்லிய பிறகும் டோக்கனை இரவல் கொடுத்தவரும் ஒன்றா? முதலாமவர் ஏமாந்தவர், இரண்டாமவர் தெரிந்தே செய்தவர். இரண்டாமவருக்கு எழுத்துபூர்வ எச்சரிக்கை வேணும். அரை மணி நேரத்துக்குள் சொல்லாமல் மறைத்தவருக்கும் வேணும்.

---

வடசேரி_பாதுகாப்பு:

முதல் பாதிக்கு ஆமாம், ஒரே நிபந்தனையோடு: முறையான வழி திறந்திருந்தும் சந்து வழியாகப் போனவருக்கு மட்டும். ஒப்புதல்காரர் ஒருவர்தான், அவரும் ஊரில் இல்லை என்றால் அந்த எச்சரிக்கை முதலாளிக்குத்தான் போக வேண்டும்.

அரை மணிக் கெடுவுக்கு ஒப்பவே மாட்டேன். பயந்து 40 நிமிடம் தயங்கினவன் "நேரம் போயிட்டு, இனி சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி" என்று வாயை மூடிக்கொள்வான். மூணு நாள் கழித்து வந்து சொன்னாலும் நன்றி என்றே சொல்லுங்க. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி, அதன் பட்டியலில் உள்ள சம்பவம் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் நாம் அறிவிக்கணும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்கணும். உள்ளேயே சொல்லப் பயப்படுகிற ஆபீஸ் வெளியே எப்படிச் சொல்லும்?

---

குழித்துறை_கம்ப்யூட்டர்:

ஒருவாடு நன்றி. 14ல் 6 பேர் மனிதர்களே இல்லை, மெயில் வந்த அதே விநாடியில் கிளிக். டோக்கன் ஸ்டிக்கரும், டிராயரில் ஓடிபி போனும் சொன்னபடியே இருக்கின்றன. அந்த போன் ஆண்ட்ராய்டு, கல்யாணப் பத்திரிகைகளெல்லாம் அதில்தான் வருகிறது. இரண்டு சந்தேகம்: அந்த போனை என்ன செய்வது? ஒருவர் வந்து "மாட்டிக்கிட்டேன்" என்றால் எந்த வரிசையில் வேலை பார்ப்பது?

---

தக்கலை_தணிக்கை:

கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு (ஆண்ட்ராய்டு போனில் ஆப் நிறுவும் கோப்பு) வரும். திறந்து நிறுவி, எஸ்எம்எஸ் அனுமதி கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவனுக்கும் போகும். அந்த சிம்மை ஒரு பட்டன் போனில் போட்டு முதலாளி சட்டைப்பையில் கொடுத்துவிடுங்கள். அதில் வாட்ஸ்அப்பும் ஏபிகேயும் ஏறாத மாடலாகப் பார்த்து வாங்குங்கள். வங்கியின் ஆப் வழி ஒப்புதலுக்கு மாறும் வரைக்கும் இந்த ஏற்பாடு. பிறகு ஆப் இருக்கும் போனில் வேறு எதுவும் வேண்டாம்.

---

வடசேரி_பாதுகாப்பு:

வந்தவரிடம் முதல் வார்த்தை "சொன்னது நல்லதாச்சு". அடுத்து ஒரே கேள்வி: லிங்கை மட்டும் அழுத்தினீங்களா, பாஸ்வேர்டு போட்டீங்களா, கோப்பைத் திறந்தீங்களா, பணம் போச்சா?

பாஸ்வேர்டு போட்டிருந்தால், வேறொரு கம்ப்யூட்டரிலிருந்து மாற்றுங்க. மாற்றினால் முடிந்தது என்று விட்டுவிடாதீங்க. எல்லாச் சாதனத்திலிருந்தும் வெளியேற்றணும், மெயிலுக்கு அனுமதி வாங்கிய புது ஆப் ஏதாவது இருக்கிறதா பார்க்கணும். ரொம்பப் பேர் விடுவது மெயில் விதிகளை. "இன்வாய்ஸ்", "பேமென்ட்" என்று வரும் மெயிலை யாரும் திறக்காத ஒரு ஃபோல்டருக்குத் தள்ளவோ வெளியே அனுப்பவோ ஒரு விதி எழுதி வைத்துவிட்டுப் போயிருப்பான். பாஸ்வேர்டை மாற்றிய பிறகும் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

கோப்பைத் திறந்திருந்தால் லேன் கேபிளைப் பிடுங்கி வைஃபையை அணையுங்க. கம்ப்யூட்டரை அணைக்காதீங்க, எதையும் அழிக்காதீங்க. நினைவகத்தில் இருக்கும் தடயம் போய்விடும்.

பணம் போயிருந்தால் மற்ற எல்லாம் பிறகு. யூடிஆர் நம்பர் (வங்கி தரும் பரிமாற்ற எண்), தொகை, நேரம் மூன்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்க, அதே நேரம் இன்னொருவர் வங்கிக் கிளையைப் பிடிக்கட்டும். வெளிநாட்டுக்குப் போன பணத்துக்கு, திரும்பக் கேட்டு ஸ்விஃப்ட் செய்தி அனுப்ப உங்க வங்கியால்தான் முடியும். அந்தக் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்க.

இவ்வளவும் முடிந்த பிறகு, அதே மெயில் வேறு யாருக்கெல்லாம் வந்திருக்கிறது என்று தேடி எடுத்துவிடுங்க.

---

தூத்துக்குடி_ஆவணம்:

ஒன்று விட்டுப்போச்சு. புரோக்கர்களின் சரிபார்ப்பு நம்பர் பட்டியலை எக்செல்லில் போட்டு சர்வரில் வைக்காதீங்க. உள்ளே வந்தவன் அந்த நம்பரையும் மாற்றிவிடுவான். நீளமான கணக்குநோட்டு ஒன்று வாங்கி, கையால் எழுதி, பக்க எண் போட்டு, சேஃபுக்குப் பக்கத்தில் வையுங்க. அழைத்த தேதி, நேரம், பேசியவர், பழைய நாலு எண், அழைத்தவர் கையெழுத்து: ஐந்து கட்டம். அடித்துத் திருத்தினால் பக்கத்தில் இன்னொருவர் கையெழுத்து.

---

குழித்துறை_கம்ப்யூட்டர்:

நோட்டு வாங்கியாச்சு. டெமரேஜ் வரியை முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது, முதலாளி திங்கள் வந்ததும் கையெழுத்துக்குப் போகும்.